மழைக்கால ஆகாரமும் பூசணிக்காயும்

(சங்கரன்கோவில் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பேச்சு)



சங்கரன்கோவில் வட்டாரம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் பூமி. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைத்தொடர் மறைத்துவிடுவதால், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையே குளத்தை நிரப்பிக் காட்டை விளைவிக்க வேண்டியதாயிருக்கிறது. ஆகையால் மழையை வரவேற்காதவர் இவ்வட்டாரத்தில் ஒருவருமில்லை. ஆயினும், அதே மழை ஏழைக் குடித்தனக்காரரின் அடுப்பங்கரைக்கு ஒரு சங்கடத்தையும் கொண்டுவருகிறது. விடாமழை பெய்யும் நாட்களில் காட்டுவேலை நின்று கூலி குறைகிறது. சந்தைக்கு வரும் காய்கறி குறைந்து விலை ஏறுகிறது. கரிசல் மண் காலைப் பற்றிக்கொள்வதால் சந்தைக்குப் போய்வருவதே பெரும்பாடாகிறது. அப்போது பல வீடுகளில் சோறும் புளித்தண்ணீரும் ஒரு துவையலுமே மூன்று வேளைக்கும் ஆகாரமாய் முடிகின்றன. பெரியவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ளுகிறார்கள். வளரும் குழந்தைகளும் கர்ப்பிணிகளுமே அதனால் மெலிகிறார்கள். இச்சங்கடத்தை அதிகச் செலவின்றி ஒருவாறு போக்கக்கூடிய பொருள், எருக்குழி ஓரத்தில் தானே படர்ந்து காய்க்கும் பூசணிக்காயாகும்.

எந்தப் பூசணி?

பூசணி என்னும் பெயர் ஊருக்கு ஊர் வேறுபடும். தஞ்சாவூராரும் சென்னையாரும் சாம்பல் பூத்த வெண்காயைப் பூசணி என்றும், மஞ்சட்காயைப் பரங்கி என்றும் சொல்லுவர். திருநெல்வேலிச் சீமையிலோ வெண்காய் தடியங்காய் ஆகும், மஞ்சட்காயே பூசணி. இங்கே பேசப்படுவது மஞ்சட்காயைப் பற்றியே. இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கொலம்பஸ் 1492-ல் அக்கண்டத்தைச் சேர்ந்த பின்னரே இது கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்தது. வந்த காயென்றாலும், மார்கழிக் கோலத்தில் சாணப்பிள்ளையாரின் தலையிற் பூவாகவும், தைப்பொங்கலன்று கறியாகவும் இடம்பெறும் அளவுக்கு இம்மண்ணுக்குச் சொந்தமாகிவிட்டது.

அதிலுள்ள சத்து

பூசணிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரே. ஆதலால் அதைச் சோற்றுக்கும் பருப்புக்கும் ஈடாக எண்ணுதல் கூடாது. அதன் பெருமை மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. அந்நிறத்தைத் தரும் கரோட்டின் என்னும் பொருளைத் தேகம் ‘ஏ’ வைட்டமினாக மாற்றிக்கொள்ளுகிறது. அவ்வைட்டமின் குறைந்தால், அந்தி மயங்கியதும் கண் தெரியாத மாலைக்கண் நோய் குழந்தைகளைப் பற்றும்; நோய் முற்றினால் கருவிழி கெட்டுப் பார்வையே போய்விடும்.

நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918-ல் மக்காரிசன் என்னும் வைத்தியர் தொடங்கிய ஆராய்ச்சிச் சாலை, ஆகாரக் குறையினால் உண்டாகும் வியாதிகளை ஆராய்ந்தது. அவருக்குப் பின் அதை நடத்திய ஐக்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களை அளந்து 1937-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-ல் ஐதராபாத்துக்கு மாறிற்று. 1970-ல் இந்திய அரசாங்கம் குழந்தைகளுக்கு ‘ஏ’ வைட்டமின் திரவம் புகட்டும் திட்டத்தைத் தொடங்கிற்று. மாலைக்கண் முன்போல் இன்று பரவலாக இல்லை. ஆயினும் மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவது. ஆகாரமோ தினந்தோறும் வேண்டுவது. மாலைக்கண் கண்ட குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். அந்நோய் வராமற் காப்பதற்கே பூசணியும் கீரையும் உதவும்.

கரோட்டின் கொழுப்பிற் கரையும் தன்மையுடையது. ஆதலால் சிறிது எண்ணெயாவது தேங்காயாவது சேராத பூசணிக்கறியில் அதன் முழுப்பயன் கிட்டாது.

பறித்தலும் சேமித்தலும்

வெண்டையும் கத்தரியும் இரண்டு நாளில் வாடும். முற்றிய பூசணியோ இரண்டு மூன்று மாதம் கெடாமலிருக்கும். மழைக்காலத்துக்கு அது உகந்ததாவதற்கு இதுவே முக்கிய காரணம். ஆனால் அவசரப்பட்டுப் பறித்த காய் அப்படி நிற்காது. காம்பு காய்ந்து கட்டைபோலாகி, நகத்தால் அழுத்தினாலும் தோலிற் பதியாத காயே முற்றிய காய். அதை மூன்று விரற்கடைக் காம்புடன் அறுக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கலாகாது. காம்பு ஒடிந்த இடத்தின் வழியாகவே அழுகல் உட்புகும். அறுத்த காயைச் சில நாள் வெயிலிலாவது, மழையானால் காற்றோட்டமுள்ள இடத்திலாவது உலரவிட்டு, பரணில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தல் நலம். வெறுந்தரையின் ஈரம் ஆகாது. அடிபட்ட காயை முதலிற் சமைத்துவிட வேண்டும்.

சமையல் வகைகள்

முதலாவது, இச்சீமைக்கே உரிய கூட்டாஞ்சோறு. அரிசி 2 பங்கானால் துவரம்பருப்பு 1 பங்கு. பருப்பை முதலில் முக்கால் வேக்காடு வேகவைத்து, அரிசியை இட்டு, இரண்டும் சேர்ந்த அளவில் மும்மடங்கு தண்ணீர் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். தேங்காய், மிளகாய் வற்றல், சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை அரைத்து மஞ்சளுடன் சேர்த்து, வீட்டிலுள்ள கத்தரி, வாழைக்காய் முதலியவற்றை இடுவது வழக்கம். பூசணி விரைவில் வேகுமாதலால், அதைப் பெருந்துண்டாக நறுக்கி, சோறு பாதி வெந்த பின்னரே போடவேண்டும். புளி முந்தினால் பருப்பு வேகாது. அதனால் புளிக்கரைசலையும் அப்போதே ஊற்றுதல் முறை. கடைசியாக ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. அக்கீரையிற் கரோட்டின் பூசணியிலும் மிக அதிகம். நல்லெண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, வடகம் தாளித்துக் கொட்டினால், ஒரே பானையில் குடும்பம் முழுவதற்கும் சூடான ஆகாரம் முடிந்துவிடும். விறகு ஈரமாயிருக்கும் நாளில் இரண்டு அடுப்பு மூட்ட வேண்டிய தொல்லையும் இல்லை.

இரண்டாவது, பூசணிச் சாறு. தோல் நீக்கிய துண்டுகளைக் குழைய வேகவைத்து மசித்து, வேண்டிய தண்ணீர் சேர்த்து, நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டு, இஞ்சி ஆகியவற்றுடன் ஒரு கொதி விடவேண்டும். இறக்கும் தறுவாயில் கற்பூரவல்லி இலை இரண்டைக் கிள்ளிப் போட்டு, ஒரு கரண்டி நெய்யோ தேங்காய்ப்பாலோ ஊற்றி மூடினால் வாசனை கமழும். சளியினால் வாய் கசந்து சோற்றை வெறுக்கும் குழந்தையும் கிழவரும் இதை விரும்பிக் குடிப்பர்.

மூன்றாவது, சிறுபருப்புக் கூட்டு. பருப்பு மலர்ந்தபின் பூசணியை இட்டு, தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டு இறக்குவது எல்லாரும் அறிந்ததே. அதற்குத் துணையாகத் தூதுவளைத் துவையல் செய்யலாம். மழை கண்டதும் வேலிகளில் அது செழித்துத் தழைக்கும். முள்ளை நன்றாய் நீக்கி, இலையை நெய்யில் வதக்கி, வறுத்த உளுந்தம்பருப்பு, மிளகு, புளி, உப்புடன் அரைத்தால் பூசணியின் தித்திப்புக்கு அதன் இளங்கசப்பு பொருந்தி நிற்கும்.

நான்காவது, கருப்பட்டிப் பாயசம். மசித்த பூசணியில் கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றி, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, அடுப்பிலிருந்து இறக்கி ஆறியபின் தேங்காய்ப்பால் சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது பால் சேர்த்தால் திரிந்துவிடும்.

கொடியில் வீணாவது ஒன்றுமில்லை. இளந்தளிரைப் பொரியல் செய்யலாம். பூவைப் பறிப்பவர் ஆண்பூவையே பறிக்க வேண்டும். அடியிற் பிஞ்சு தாங்கிய பூ பெண்பூ, அதைப் பறித்தால் காய் போயிற்று. விதையைக் கழுவி உலர்த்தி வறுத்து உடைத்தால், அதன் பருப்பில் 100-க்கு ஏறக்குறைய 30 பங்கு புரதம் உண்டு. குழந்தைகளுக்குக் கடைத் தின்பண்டத்தைவிட இது மேலானது.

ஓர் எச்சரிக்கை

நறுக்கியவுடன் ஒரு சிறு துணுக்கை நாவில் வைத்துப் பார்த்து உமிழ்ந்துவிட வேண்டும். கசந்தால் அக்காய் முழுவதையும் எறிந்துவிடுதல் அவசியம். அக்கசப்பு நஞ்சாகும்; வேகவைத்தாலும் தீராது, வாந்தியும் பேதியும் உண்டாக்கும். அத்தகைய காயின் விதையை ஒருபோதும் ஊன்றலாகாது.

சங்கம் செய்யக்கூடியது

கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 இரகத்தின் காய் 7, 8 கிலோ நிறையுள்ளது. கோ 2 இரகத்தின் காயோ ஒன்றரை முதல் 2 கிலோ அளவே. அறுத்த காய் சில நாளில் கெட்டுவிடுமாதலால், சிறு குடும்பத்துக்குச் சிறு காயே ஏற்றது. கோ 2 ஏறக்குறைய 135 நாளிற் பலன் முடிவது. ஆனியிலோ ஆடியிலோ ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் வீடு வந்து சேரும். கரிசலில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகுமாதலால், குழியைச் சற்று மேடான இடத்தில் எடுத்து, நன்றாய் மக்கிய தொழுவுரம் இட்டு ஊன்ற வேண்டும். எருக்குழி ஓரமும் கிணற்றடியும் தகுந்த இடங்கள்.

தனித்தனியே விதை தேடி அலைவது வீண்செலவு. வைகாசியிலேயே சங்கம் அங்கத்தினரின் தேவையைக் கணக்கெடுத்து, நல்ல விதையை ஒரே கொள்முதலாய் வாங்கிப் பங்கிடலாம். அறுவடையில் வீட்டுக்கு வேண்டியது போக மிஞ்சியதைச் சங்கக் கட்டடத்தில் நிறுத்து வாங்கி, ஒரே வண்டியிற் சந்தைக்கு அனுப்பலாம். நிலமில்லாத அங்கத்தினருக்கு அங்கேயே சந்தை விலைக்குக் குறைவாகக் கொடுப்பதும் சங்கத்தின் இஷ்டத்தில் உள்ளது. பெருங்காய் ஒன்றை அறுக்கும் வீட்டார் அண்டை அயலாருடன் பகிர்ந்து, அடுத்த வாரம் அவர்கள் அறுப்பதிற் பங்கு பெறுவதும் கூட்டுறவே. அதற்கு எந்தச் சட்டமும் வேண்டுவதில்லை.

மழை எப்போது வருமென்பது ஒருவர் கையிலும் இல்லை. மழை வரும்போது பரணில் நாலு காய் இருக்க வேண்டுமென்பதோ ஆடி மாதத்தில் ஊன்றும் நாலு விதையில் இருக்கிறது. வருகிற ஆடியில் ஒவ்வோர் அங்கத்தினர் வீட்டிலும் ஒரு குழியாவது எடுக்கப்படுமாக!