மேடையும் மறுமொழியும்



மகாகவியின் பெயர் தாங்கிய இந்நகரை அடுத்த பெரம்பூரில் 1918ஆம் ஆண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஆலைத் தொழிலாளர்முன் திரு.வி.க. தமிழில் முழங்கினார், உழைப்பவர்க்கு அரசியல் மொழி வாய்த்தது. ஆயினும் 1921 வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பு பிளவுண்டது. வேலைநிறுத்தம் செய்தோர்க்கும் வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடர்க்கும் மோதல் மூண்டது. 'தொழிலாளர்' என்னும் ஒற்றைச் சொல் அனைவரையும் தழுவவில்லை. வெகுசனக் கவர்ச்சி அரசியலின் குறையும் இதுவே. 'மக்கள்' என ஒரே குரலில் பேசி, மாறுபடுவோரை அது பகைவராக்குகிறது.

1967இல் எழுந்த 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' முழக்கம் பசிக்கு அளித்த மறுமொழி. பின்னர் 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எனப் பட்டியல் நீண்டது. பெறுவதில் இழிவில்லை; வரிப்பணம் மக்களுடையதே. ஆனால் பெற்றவர் நன்றி மட்டுமே சொல்லவேண்டும் என்னும் நிலையில் உரையாடல் மடிகிறது. குடிமகன் வெறும் பயனாளியாகிறான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர் நிவாரணம் கேட்டதோடு நில்லாது, பொறுப்பு யாருடையது என்றும் கேட்டனர். அத்தகைய வினாவைக் கைதட்டல் விழுங்காமல் காப்பது கவிஞர் கடன். பத்தாண்டு கண்ட இவ்விலக்கிய வட்டம் ஒவ்வோர் உரைக்குப் பின்னும் அவையோர் வினாவுக்கு நேரம் ஒதுக்குவதாக.

வாழ்க தமிழ்!