மருத்துவக் கல்லூரிக்கு எப்பொழுது விண்ணப்பிப்பது?

(இராமநாதபுரம் கடற்கரை வட்டாரத்தில் விவசாயிகளும் மீனவர்களும் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் கூடிய கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



கண்மாய் மராமத்து, குடிநீர், இணைப்புச் சாலை ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் நான் பேசுவது வழக்கம். இன்று பேச வந்த விஷயம் இவற்றில் எதுவுமன்று. வீட்டு மானியத்துக்கோ குடிநீர் இணைப்புக்கோ எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள், வந்த காரியம் முடிந்து புறப்படும் சமயத்தில் வாசற்படியில் நின்று, "ஐயா, எங்கள் பெண் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். எப்பொழுது மனுப் போட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் இக்கேள்வி அரிது. இப்பொழுது அடிக்கடி வருகிறது.

வருவதற்குக் காரணமும் உண்டு. 2022 ஜனவரி 12ஆம் தேதி தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்து வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் இராமநாதபுரத்தில் 100 இடங்களோடு அமைந்தது. அதுவரை மதுரைக்கோ சிவகங்கைக்கோ போனால்தான் மருத்துவக் கல்லூரி என்று இருந்த மக்களுக்கு, அக்கட்டடம் கண்ணில் படுவதே ஒரு புதிய எண்ணத்தைத் தருகிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நம் மாவட்டத்தில் இருப்பதால் அதில் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கெனத் தனி இடம் எதுவும் கிடையாது. தரவரிசையில் முன்னே நிற்கும் மாணவர் எந்த மாவட்டத்தாராயினும் அங்கே சேரலாம். நம் பிள்ளை கன்னியாகுமரியிலும் சேரலாம்.

இனி, கேள்விக்கு வருகிறேன். எப்பொழுது விண்ணப்பிப்பது? பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பிறகு என்றே நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். கலந்தாய்வு விண்ணப்பத்தைக் குறித்தவரை அது ஓரளவு சரிதான். ஆனால் முடிவெடுக்க வேண்டிய காலம் அதுவன்று. ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். வானம் பார்த்த நம் மாவட்டத்து நெல்லுக்கோ புரட்டாசியை ஒட்டியே பட்டம். ஊருக்கு ஊர் பட்டம் மாறுவதுபோல் இதிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பட்டம் இருக்கிறது. அது ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

எவ்வாறு என்று விளக்குகிறேன். தமிழ்நாட்டில் 1984 முதல் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007இல் வந்த சட்டம் அதை நீக்கியது. அதன்பின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாக இருந்தது. 2017 முதல் 'நீட்' என்னும் அகில இந்தியத் தேர்வின் மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. இத்தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்பது சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடந்துவரும் வாதம். அதைப் பற்றிப் பேச நான் இங்கே நிற்கவில்லை. அந்த வாதம் முடியட்டும் என்று உங்கள் பிள்ளையின் வயது காத்திராது.

தேர்வு மாறியதும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் நுழைவது மிக அரிதாகிவிட்டது. இதைக் கண்டு தமிழக அரசு 2020இல் ஒரு சட்டம் இயற்றி, அரசுப் பள்ளிகளில் படித்து 'நீட்' தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், சித்தா முதலிய படிப்புகளில் நூற்றுக்கு 7.5 வீதம் உள் ஒதுக்கீடு செய்தது. அந்த முதல் ஆண்டிலேயே மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலும் சேர்த்து 400க்கு மேற்பட்ட இடங்கள் இவ்வழியில் கிடைத்தன. இவ்வொதுக்கீட்டில் தனியார் கல்லூரி கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றமும் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதி திராவிடர் நலப் பள்ளி ஆகியவை அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. நம் கடற்கரையோரத்தில் உதவி பெறும் பள்ளிகள் பல; நல்ல பள்ளிகளும்கூட. அங்கே படிப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் இவ்வொதுக்கீடு அங்கே கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள்.

ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். மகளை எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிக்க வைத்தார். ஒரு வருஷம் குண்டு மிளகாய் நல்ல விலைக்குப் போயிற்று. "பெண்ணுக்கு நல்லது செய்வோம்" என்று ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் பணம் கட்டிச் சேர்த்தார். அடுத்த வருஷம் மழை பொய்த்தது. பெண் மீண்டும் அரசுப் பள்ளிக்கே வந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே முடித்தாள். அந்த ஒரே வருஷத்தால் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்கு இல்லாமற் போகிறது. தகப்பனார் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. சொல்வதற்கு ஆள் இல்லாததே குறை. அந்த ஆளாக நீங்கள் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாகக் கூறுகிறேன்.

அடுத்த கட்டம் பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. மேல்நிலையில் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும் உள்ள பிரிவை எடுத்தால்தான் மருத்துவத்துக்கு வழி. பக்கத்துப் பள்ளியில் அப்பிரிவு இல்லையென்று வணிகவியலில் சேர்த்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து டாக்டர் படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிரியலை மட்டும் எடுக்காமல் விட்டவர், பின்னர் அதைத் தனிப்பாடமாக எழுதித் தேறலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அனுமதித்தது உண்மையே. அது தவறிப் போனவர்க்கு ஒரு படிக்கட்டு. முதலிலேயே நம்பி ஏறும் வழியன்று.

வயதைப் பற்றி இரண்டொரு வார்த்தை. கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளை சுட்டியாய் இருக்கிறது என்று ஓராண்டு முன்னதாகவே பள்ளியில் சேர்த்தவர்கள் இதைக் கணக்குப் பார்த்துக்கொள்க. மேல்வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் எல்லை இல்லை. எல்லை இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. முதல் முறை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி எழுதலாமா? வீட்டில் சண்டையும் கண்ணீரும் வருவது இந்த இடத்தில்தான்.

நீதிபதி ஏ. கே. ராஜன் அவர்கள் தலைமையில் 2021இல் அரசு அமைத்த குழு தமிழ்நாட்டு நிலையை ஆராய்ந்தது. 2016-17இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களுள் மறுமுறை முயன்றவர்கள் நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் இருந்தார்கள். 2020-21இல் அவர்கள் நூற்றுக்கு 71 பேர் ஆயினர் என்று அக்குழு கண்டது. இதன் பொருள் என்ன? முதல் முறை இடம் கிடைக்காத பிள்ளை மந்தமான பிள்ளை அன்று. உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் ஓராண்டோ ஈராண்டோ காத்திருந்தவர்கள். அவர்களுள் பலர் பணம் கட்டிப் பயிற்சி பெற்றவர்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆகவே, ஒரு வருஷம் காத்திருப்பது அவமானமன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பின் ஓராண்டு கழித்து விண்ணப்பித்தாலும் 7.5 சதவீத உரிமை போய்விடாது. அது படித்த பள்ளியைப் பொறுத்தது, தேறிய ஆண்டைப் பொறுத்ததன்று. ஆயினும் எல்லோரும் காத்திருக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் முறை வாங்கிய மதிப்பெண், அவ்வாண்டு அந்த ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணுக்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கலந்தாய்வு முடிந்தபின் தலைமையாசிரியரைக் கேட்டால் அந்த விவரத்தை அறியலாம். அருகில் இருந்தால் ஓராண்டு காத்திருப்பது நியாயம். வெகுதூரத்தில் இருந்து, பிள்ளைக்கும் மனம் இல்லாமல், பெற்றோரின் ஆசைக்காக மட்டும் இரண்டு வருஷம் மூன்று வருஷம் என்று அறைக்குள் அடைத்து வைப்பது நியாயமன்று. என் அபிப்பிராயத்தில் முதல் முறைக்குப் பின் ஒரு வருஷம் போதும். அதற்கு மேல் வேண்டுமானால் பிள்ளையே கேட்க வேண்டும். நாம் கேட்கக் கூடாது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. மகன் ஒரு வருஷம் காத்திருந்தால் "படிக்கிறான்" என்கிறோம். மகள் காத்திருந்தால் "சும்மா இருக்கிறாள்" என்று சொல்லி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறோம். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1907இல். வயது இருபதைத் தாண்டிய பிறகே சேர்ந்தார். 1912இல் பட்டம் பெற்று வெளிவந்தார். அந்நாளிலேயே அது இயன்றது என்றால், இன்று பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஓராண்டு கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

இடையில் வேறு படிப்பில் சேர்வதையும் தோல்வி என எண்ண வேண்டாம். இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம் அவர்கள் திருச்சியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்னரே, தமக்கு உகந்தது பொறியியல் என்று கண்டு சென்னை குரோம்பேட்டையில் சேர்ந்தார். அதற்குப் பணம் கட்ட அவருடைய சகோதரி தம் நகைகளை அடகு வைத்த செய்தி நம் ஊரார் அறிந்ததே. கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், பொறியியல் ஆகிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் உண்டு. இவற்றுக்கான விண்ணப்பங்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாட்களை ஒட்டி வந்துவிடும். 'நீட்' முடிவுக்காகக் காத்திருந்தால் தேதி தவறிவிடும். ஆகையால் இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். வேறு கல்லூரியில் சேர்ந்தபின் மருத்துவ இடம் கிடைத்தால் மூலச் சான்றிதழ்களைத் திரும்பப் பெறுவது எப்படி என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ளவும்.

காலண்டர் விஷயத்தில் நம் கடற்கரைக்கென ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. 'நீட்' விண்ணப்பம் அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களை ஒட்டி வந்திருக்கிறது. நெல் அறுத்துக் களத்துக்கு வந்த சமயம் அது. விவசாயி எப்படியாவது சமாளித்துவிடுவார். தேர்வு மே மாதத்திலும், மாநிலக் கலந்தாய்வுக்கான விண்ணப்பம் முடிவு வந்தபின்னும் வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கையில் காசு ஓடாத நாட்கள் அவை. அந்த நேரத்தில் பயணச் செலவுக்கென வட்டிக்கு வாங்குகிறார்கள். தைக்குள் ஒரு சிறு தொகையை இதற்கென ஒதுக்கி வைக்க மீனவச் சகோதரிகளின் சுய உதவிக் குழுக்கள் ஏற்பாடு செய்தால் மிக்க உதவியாக இருக்கும்.

தமிழ்வழியில் படித்த பிள்ளை வினாத்தாளைத் தமிழிலும் பெறலாம். விண்ணப்பிக்கும்போதே அதைக் குறிப்பிட வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்கு இலவசப் பயிற்சி வகுப்புகளும் நடத்தப்பட்டு வந்துள்ளன. பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்தால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டில் சேர்ப்பதாகச் சொல்வோரிடமும் கவனமாக இருங்கள். 2018 முதல் வெளிநாட்டில் மருத்துவம் படிப்பதற்கும் 'நீட்' தகுதி வேண்டும். திரும்பி வந்தபின் இங்கே ஒரு தேர்வும் எழுதியாக வேண்டும்.

தேர்வு முடிவு வரும் வாரத்தில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணை அந்த வாரத்தில் வீட்டில் பேச வேண்டாம். பிள்ளை உண்ணாமல் உறங்காமல் இருந்தால், 104 என்ற எண்ணிலோ 14416 என்ற எண்ணிலோ தொலைபேசியில் கூப்பிட்டால் மனநல ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

கடைசியாக, சான்றிதழ்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்று, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று ஆகியவை வேண்டும். இரண்டு மூன்று பள்ளிகளில் மாறிப் படித்த பிள்ளைக்கு ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியே வாங்க வேண்டியிருக்கும். இதற்குத்தான் நாள் பிடிக்கிறது. பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் பெயரோ தகப்பனார் முதலெழுத்தோ மாறியிருந்தால் அதைத் திருத்த மாதக்கணக்கு ஆகும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வோர் ஊராட்சியிலும் எழுதி, அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக்குக் கொண்டு வாருங்கள். அதோடு ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகும் பிள்ளைகளின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். எங்கள் விரிவாக்க அலுவலர்கள் அன்று அங்கே இருப்பார்கள். எந்தச் சான்று யாருக்கு இல்லை என்று அங்கேயே குறித்துக்கொள்வோம்.