சேர்த்து வைத்தலும் காத்தலும்

(சங்க ஆண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)

சமயத் தொண்டு, கல்வித் தொண்டு, சிரமதானம் என்னும் பொருள்களைக் கேட்டுப் பழகிய இவ்வவையிலே, வீட்டினுள் நிகழும் வன்முறையைப் பற்றிப் பேச முற்பட்டமை சிலர்க்கு வியப்பைத் தரலாம். “அது அவரவர் வீட்டுச் சங்கதி, பொதுக் கூட்டத்திற் பேசத்தக்கதோ?” என்று கேட்பாரும் உளர். படலையைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது ஊருக்குரியதன்று என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். ஆயினும், சாத்திய படலைக்குள் ஓர் உயிர் அச்சத்தால் நடுங்குமாயின் அதனைக் காப்பதும் ஊரின் கடமையே. குடும்பப் பிணக்குகளிலே மத்தியஸ்தம் செய்து வரும் பெரியோர்களுக்கும், நாளை அவர்கள் இடத்தில் அமரப் போகும் வாலிபர்களுக்கும் இன்று ஒரே வேண்டுகோளை விடுக்க விரும்புகிறேன்: சேர்த்து வைப்பதற்கு முன் காத்தல் வேண்டும்.

இது எங்கோ ஒரு மூலையில், மதுவுண்டு மதிமயங்கிய சிலருடைய வீடுகளில் மாத்திரம் நிகழ்வதென்று எண்ணுதல் தவறு. நமது நாட்டின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடு தழுவிய ஓர் ஆய்வை நடத்தியது. கணவனோடு அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களுள் நூற்றுக்கு 20.4 பேர் தம் வாழ்நாளில் அவனால் உடல் வழியாகவோ பாலியல் வழியாகவோ வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர் என அது கண்டது. ஐவருள் ஒருவர் என்பது பொருள். திருவிழாக் கூட்டத்தில் நம்மோடு நின்று கும்பிடும் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். இவ்வெண்ணிக்கையின் பாரம் விளங்கும். துன்புறும் ஆண்களும் உளர். பிள்ளைகளால் அடிக்கப்படும் முதிய பெற்றோரும் உளர். ஆயினும் மிகுதியாகத் துன்புறுவோர் மனைவியரே ஆதலின், அவர்களை முன்வைத்தே பேசுகிறேன்.

சண்டையில்லாத குடும்பம் உண்டா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால், சண்டை வேறு, வன்முறை வேறு. சண்டையிலே இருவர் குரலும் எழும். பொழுது விடிந்ததும் இருவரும் முகம் பார்த்துப் பேசுவர். வன்முறையிலோ ஒருவர் ஆட்டுவிப்பார்; மற்றவர் அஞ்சுவார். அடி என்பது அதன் ஒரு கூறு மாத்திரமே. பெற்றோர் வீட்டுக்குப் போகவிடாது தடுத்தல், உழைத்த காசைப் பறித்தல், பிள்ளைகளைப் பிரித்துவிடுவேன் என்று மிரட்டுதல், கைத்தொலைபேசியைப் பிடுங்கி யாரோடு பேசினாய் என்று துருவுதல், பலர் முன்னிலையில் இழிவாக ஏசுதல் ஆகிய அனைத்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். இவளுக்கு அவன் முன்னிலையிலே தன் மனத்திலுள்ளதைச் சொல்ல இயலுமா, இயலாதா என்பதே இரண்டையும் பிரித்தறியும் உரைகல்.

நம் ஊர்களில் இத்தகைய முறைப்பாடு வெளிவரும்போது என்ன நிகழ்கிறது? பெரியவர் இருவர் விறாந்தையில் அமர்வர். கணவனும் மனைவியும் அழைக்கப்படுவர். “நீயும் கொஞ்சம் கோபத்தைக் குறை, பிள்ளை, நீயும் வாயை அடக்கு” என்று இருபக்கமும் சமமாகப் புத்தி கூறப்படும். பிள்ளைகளின் எதிர்காலமும் குடும்ப மானமும் நினைவூட்டப்படும். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழியும் சொல்லப்படும். பின் இருவரும் ஒன்றாக அனுப்பப்படுவர்.

பெரியோர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. வேலி எல்லை, கிணற்றுப் பங்கு, கொடுக்கல் வாங்கல் முதலிய வழக்குகளில் இம்முறை பெரும்பயன் தருவது. 1988 இன் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இணக்க சபைகளும் இந்த அடிப்படையிலேயே எத்தனையோ சச்சரவுகளைத் தீர்த்து வருகின்றன. ஆனால், இணக்கம் என்பது ஒத்த வலிமையுடைய இருவரிடையே மாத்திரம் கைகூடும். வேலிச் சண்டைக்காரர் இருவரும் வழக்கு முடிந்ததும் தத்தம் வீட்டுக்குப் போவர். இங்கோ, அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே வீட்டுக்குப் போகின்றனர். அவள் விறாந்தையிற் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அன்றிரவே கணக்குக் கேட்கப்படும். இதனை அறிந்திருப்பதால் அவள் உண்மையைச் சொல்லமாட்டாள். அவளது மௌனத்தை நாம் சம்மதமென்று கொள்கிறோம். “எல்லாம் சரியாகிவிட்டது” என்று மகிழ்ந்து கலைகிறோம்.

“அவ்வளவு துன்பமென்றால் ஏன் விட்டுப் போகவில்லை?” என்ற வினா அடுத்து எழும். விட்டுப் போகும் வேளையே மிகுந்த ஆபத்துடைய வேளை என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டியுள்ளன. பிடி நழுவுகின்றதென்று உணரும்போதே அவன் வெறி உச்சத்தை அடைகிறது. ஐக்கிய அமெரிக்காவில் தாதியாகப் பணிபுரிந்து பின் பேராசிரியரான ஜாக்குலின் காம்பெல் என்னும் அம்மையார், எந்தெந்த அறிகுறிகள் உயிராபத்தைக் காட்டுவன என்பதை அறிய 1980 களில் ஒரு வினாத் தொகுதியை ஆக்கினார். கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், ஆயுதம் காட்டுதல், கர்ப்பவதியை அடித்தல், அடங்காத சந்தேகம், அண்மையில் நேர்ந்த பிரிவு, கழுத்தை நெரித்தல் ஆகியன அவற்றுட் சில. ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னர் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு மிகும் என்று அவரும் பிறரும் 2008 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. கழுத்தை நெரித்தது வெளியிலே தழும்பு காட்டாமலும் இருக்கும். “காயம் ஒன்றையும் காணவில்லையே” என்று நாம் தள்ளிவிடும் முறைப்பாடே மிகக் கொடியதாயிருத்தல் கூடும்.

போகாதிருப்பதற்குப் பொருட் காரணமும் உண்டு. நம் பகுதியில் சீதன வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலே இருக்கும். ஆயினும், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911 இன் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றித் தன் காணியையோ வீட்டையோ விற்கவும் ஈடுவைக்கவும் முடியாது. மாவட்ட நீதிமன்றை நாடி அனுமதி பெற வழியுண்டு. எனினும், கையிற் காசின்றிப் பிள்ளைகளோடு நிற்பவளுக்கு அது தொலைதூர வழி. உறுதி அவள் பெயரில். ஆட்சி அவன் கையில்.

நிற்க. இதற்குப் பிற நாட்டார் கண்ட வழி யாது? ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே டுலூத் என்றொரு துறைமுக நகரம் உண்டு. அங்கே 1981 இல் குடும்ப வன்முறைத் தலையீட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு முன் பொலிசார் வந்தால், “சற்று வெளியே உலாவிவிட்டு வா” என்று கணவனுக்குச் சொல்லிப் போவதே வழக்கம். வழக்குத் தொடுக்கும் பாரம் அடிபட்டவள் தலையிலேயே கிடந்தது. டுலூத்திலோ, பொலிசார், நீதிமன்றம், நன்னடத்தை அதிகாரிகள், பெண்களின் புகலிடம் ஆகிய அனைவரும் ஓர் ஒழுங்கின் கீழ் இணைந்தனர். தகுந்த சான்று காணப்படின் அவளது முறைப்பாட்டை எதிர்பாராமலே கைது செய்வதென்றும், ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியச் செய்வதென்றும் விதித்தனர். அடிபட்ட பெண்கள் கூறிய அனுபவங்களைத் திரட்டி, 1984 இல், ஆதிக்கமும் அடக்குமுறையும் இயங்கும் விதத்தை ஒரு சக்கரமாக வரைந்தனர். முன்னே யான் கூறிய சங்கிலியை அச்சக்கரத்திலே காணலாம்.

அடித்த ஆண்களைத் திருத்த அங்கே வகுப்புகளும் நடத்தப்பட்டன. பல நாடுகளும் அவற்றைப் பின்பற்றின. ஆனால், அவ்வகுப்புகளால் விளையும் மாற்றம் சிறியதே என்று பின்வந்த ஆய்வுகள் பல உரைக்கின்றன. ஆதலால் வகுப்புகள் வேண்டாமென்பது என் கருத்தன்று. “அவன் திருந்திவிடுவான்” என்ற நம்பிக்கையின் மேல் ஒரு பெண்ணின் உயிரைப் பணயம் வைத்தல் ஆகாது என்பதே யான் சொல்ல வருவது. திருந்துவது அவன் பொறுப்பு. அவள் உயிரோடிருப்பதை உறுதி செய்வது நம் எல்லோர் பொறுப்பு.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. 2005 இன் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நம்மிற் பலர் அறியாத ஒரு கேடயம். துன்புற்றவர் தாமாகவோ, அவர் சார்பிற் பொலிஸ் அதிகாரி ஒருவரோ நீதவான் நீதிமன்றிலே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவசரம் உண்டெனக் கண்டால் நீதவான் இடைக்காலக் கட்டளையை வழங்கி, 14 நாட்களுக்குள் விசாரணை நடத்துவார். விசாரணையின் பின் 12 மாதங்கள் வரையிலும் பாதுகாப்பு நீடிக்கலாம். வீட்டுக்கும், அவள் வேலை செய்யும் இடத்துக்கும், புகலிடத்துக்கும் அவன் வருவதைத் தடுக்கலாம். இருவரும் கூடி வாழ்ந்த வீட்டிலிருந்தே அவனை விலக்கி வைக்கலாம். அவளை நிர்க்கதியாக்கும் வண்ணம் அவ்வீட்டை விற்காதபடியும் தடுக்கலாம். கட்டளையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபா வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படும். இச்சட்டத்தின் நிழலில் அடிக்கப்படும் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் வரலாம். பிள்ளைகளோடு ஓடவேண்டியவள் அவளே என்று நாம் எண்ணியிருக்க, வெளியேற வேண்டியவன் அவன் என்று சட்டம் சொல்லக்கூடும். இதனை ஊரறியச் செய்தல் வேண்டும்.

இனி, “பெண் பொறுத்துப் போவதன்றோ நம் சமயம் காட்டிய நெறி?” என்போர்க்கு ஒரு சொல். திருநீலகண்டக் குயவ நாயனாரின் சரிதம் நாம் எல்லோரும் சிறு வயதிற் படித்ததே. பரத்தை வீடு சென்று மீண்ட கணவரை, இறைவன் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டவேண்டாமென்றார் அவர் மனைவியார். நாயனார் என் செய்தார்? கை ஓங்கினாரா? கணவன் என்ற உரிமை பேசினாரா? இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தும் இளமை கழிந்து முதுமை வரும்வரை அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டு நின்றார். மனைவி “வேண்டாம்” என்றதை மதித்து நின்ற ஓர் ஆண்மகனை அடியார் வரிசையில் வைத்து வணங்குகிறோம். உமையைத் தன் மேனியிற் பாதியாகக் கொண்ட பெருமானின் சந்நிதியிலே தேங்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியின் மண்டையை உடைப்பவனுக்குச் சைவத்தில் எங்கே இடம்?

எனவே, நம் சங்கம் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறி முடிக்கிறேன்.

முதலாவது, முறைப்பாடு வந்தால் அவளைத் தனியே, பெண்ணொருவரைக் கொண்டு விசாரித்தல். “என்ன செய்தாய்?” என்றன்று, “இன்றிரவு வீட்டுக்குப் போகப் பயமா?” என்று கேட்டல் வேண்டும். கழுத்து நெரிப்பு, ஆயுதம், கொலை மிரட்டல் ஆகியவை உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். உண்டெனின் சமாதானப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. வைத்தியமும் பாதுகாப்புமே முதல் வேலை.

இரண்டாவது, அவள் சொன்னதைக் கணவனிடம் போய் விசாரியாமை. அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பதை உறவினர்க்கும் உரையாமை. நம் வாய் காவாமையால் ஓர் உயிர் போதல் கூடாது.

மூன்றாவது, ஆபத்து வேளைக்கு முன்கூட்டியே ஒரு திட்டம் அமைக்க உதவுதல். அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், வீட்டு உறுதி, மருந்து, சிறிது காசு ஆகியவற்றை நம்பிக்கையான ஓரிடத்தில் வைக்கலாம். சண்டை மூளும்போது கத்தியும் மண்ணெண்ணெயும் உள்ள குசினிக்குள்ளும் கிணற்றடியிலும் நில்லாமல், வெளிவாசலுள்ள பக்கம் ஒதுங்கச் சொல்லலாம். அயலார் ஒருவரோடு ஒரு குறிப்புச் சொல் பேசி வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டதும் அவர் பொலிசை அழைப்பார். போவதா இருப்பதா, எப்போது போவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அவளது ஆபத்தை அளந்தறிந்தவள் அவளே.

நான்காவது, துணையாகச் செல்லுதல். பொலிஸ் நிலையத்திலுள்ள மகளிர் சிறுவர் பிரிவு, பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், அரச வைத்தியசாலைகளில் இயங்கும் நட்பு நிலையம், இலவசமாக வழக்குரைக்கும் சட்ட உதவி ஆணைக்குழு, 1987 முதற் பணிபுரியும் ‘விமென் இன் நீட்’ ஆகிய இடங்கள் உள. தனியே போகும் பெண்ணைத் திருப்பி அனுப்புவோரும், துணையோடு வந்தவளைத் திருப்பி அனுப்பத் தயங்குவர். பொலிசுக்கு 119, மகளிர்க்கு 1938, சிறுவர்க்கு 1929 ஆகிய இலக்கங்களை நம் வாசிகசாலைச் சுவரில் எழுதி வைப்போம்.

ஐந்தாவது, வாலிப நண்பர்களுக்கு. நம் தோழன் ஒருவன் மனைவியை அடித்ததைப் பெருமையாகச் சொல்லும்போது சிரிக்காதிருப்போம். “அது பிழை” என்று முகத்துக்கு நேரே சொல்வோம். பெரியோர் ஆயிரம் புத்தி கூறினும், சக வயதினன் சொல்லும் அந்த ஒரு சொல் சுடும்.

பெரியோர்களே, குடும்பங்கள் பிரியவேண்டும் என்பது என் விருப்பமன்று. அச்சமின்றி இருவரும் சேர்ந்து வாழ வழியுண்டாயின் அதனினும் இனியது வேறில்லை. ஆனால், அந்தச் சேர்க்கையைப் பற்றிப் பேசுவதற்கு அவள் உயிரோடிருத்தல் வேண்டும்; பேசும்போது அவள் அஞ்சாதிருத்தல் வேண்டும். குடும்ப மானம் என்பது ஊரார் வாயை மூடுவதால் வருவதன்று. வீட்டிலுள்ள எவரும் எவரையும் கண்டு நடுங்காதிருப்பதால் வருவது. அந்த மானத்தைக் காக்க நம் சங்கம் முன்நிற்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.