முதியோர் நினைவாற்றலும் நம் கடமையும்



நம் மூத்த தாய்மார்களுள் பலர் தோட்டத்தில் பிறந்து, பள்ளி வாசலை மிதியாமலே பால்மரம் சீவி நம்மை ஆளாக்கியவர்கள். கூலியையும் கடைக் கடனையும் மனக்கணக்காகவே வைத்திருந்தவர்கள். அத்தகையோரின் மூளை நலத்தை எவ்வாறு அளந்தறிவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மறதி நோயை அறிய உலகெங்கும் பயன்படும் சோதனை ஒன்று 1975-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. மொத்தம் 30 புள்ளிகள். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். எழுதுகோல் பிடித்தறியாதவர் இதில் புள்ளி இழந்தால், குறை மூளையிலா, சோதனையிலா?

இக்கேள்வியை வட இந்தியாவின் பல்லப்கர் பகுதியில் ஆராய்ந்தோர், 1995-இல் எழுத்தறியாதோர்க்கேற்ற இந்தி வடிவத்தை வெளியிட்டனர். எழுதுவதற்குப் பதிலாக வாயால் ஒரு வாக்கியம் சொல்லச் செய்தனர்.

நரம்பியல் உளவியல் பயில்வோர் முதலில் உணர வேண்டிய உண்மை இதுவே. சோதிக்கப்படுபவரின் தாய்மொழி, படிப்பு, செய்த தொழில் ஆகியவற்றை அறியாமல் இடும் புள்ளி, தெளிந்த அறிவுடையவரை நோயாளியாக்கிவிடும். மறுபுறம், உண்மையான நோயை "வயதாகிவிட்டது" என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம். இரண்டும் தீங்கே.

ஆகவே, மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் மக்கள், "அம்மா படிக்காதவர், தமிழில் கேளுங்கள்" என்று தயங்காமல் கூறவேண்டும். பெயர் ஒன்று சற்றே மறந்து பின்னர் நினைவுக்கு வருவது இயல்பு; பலகாலம் நடந்த வழியில் திகைத்து நிற்பதும், சமைத்துப் பழகிய கறியின் முறை தடுமாறுவதும் கவனிக்கத்தக்கவை. அன்றாட வாழ்வில் கண்ட இத்தகைய மாற்றங்களையும் எடுத்துரைக்க வேண்டும்.

தடுக்கவும் வழியுண்டு. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் 14 காரணங்களைச் சுட்டி, அவற்றை நீக்கினால் உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தவிர்க்கவோ தாமதிக்கவோ இயலும் என மதிப்பிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், செவிப்புலன் குறைவு, தனிமை ஆகியன அவற்றுட் சில. இளமையில் கல்வி கிட்டாமையும் அவற்றுள் ஒன்று. அதனை இனி மாற்றவியலாது. ஏனையவற்றைக் கவனிப்பது நம் கையில் உள்ளது.

இளைஞர்களே! மருத்துவம், சட்டம் என்பவற்றோடு இத்துறையையும் எண்ணிப் பாருங்கள். பாட்டியின் மொழியிலேயே அவர் நினைவைச் சோதித்தறியும் வல்லுநர் நம்மிடையே தோன்றுதல் வேண்டும்.