ஏழைச் சிறாரின் இதயம்

இதயநோய் செல்வந்தரின் நோய் என்பது மயக்கம். ருமாட்டிக் காய்ச்சலால் விளையும் இதய வால்வு நோய் ஏழைச் சிறாரையே பெரிதும் தாக்குகிறது. ஓரறைக் குடிசையில் நெருங்கி உறங்கும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடையே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி எளிதில் பரவுகிறது. தொண்டைவலி கவனிப்பாரற்றுப் போகிறது; சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் தோன்றுகின்றன; மீண்டும் மீண்டும் தாக்குண்ட வால்வு பழுதடைகிறது.

தடுக்கும் பென்சிலின் மலிவானதே. ஒருமுறை தாக்குண்ட பிள்ளைக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி தேவை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இந்நோயும் உண்டு. ஆனால் கிராமப் பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசிமருந்து இருக்கிறதா? ஒவ்வொரு கிளையும் கேட்டறிய வேண்டும். மருந்துக்கான போராட்டமும் காற்றோட்டமுள்ள வீட்டுக்கான போராட்டமும் ஒன்றே.