ஒத்த மனமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெருமக்களே!

"பணியிடத்திலே நட்புக்கு வேண்டியது ஒத்த வயதா? ஒத்த மனமா?" இது தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "ஒரே வயசுக்காரன்தான்யா நம்ம கஷ்டத்தைப் புரிஞ்சுக்குவான்" என்றார். புரிஞ்சுக்குவான், நடுவர் அவர்களே, நல்லாவே புரிஞ்சுக்குவான். ஆனால் அவன் பெயரும் என் பெயரும் ஒரே சீனியாரிட்டி லிஸ்ட்டிலே அடுத்தடுத்து இருக்குதே! எனக்குக் காய்ச்சல் என்றால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருகிறான். வந்து உட்கார்ந்ததும், "எத்தனை நாள் லீவு?" என்று கேட்கிறான். (சிரிப்பு)

என் கதையையே சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு எங்கள் துறைக்கு ஒரு கௌரவ விரிவுரையாளர் வந்தார். வயது 27. பாடக் குறிப்பைச் செல்போனிலே வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். எனக்கு வந்ததே கோபம்! ஆசிரியர் அறையிலே எல்லாரும் இருக்கும்போது, "என்ன தம்பி, தொல்காப்பியர் உனக்கு வாட்ஸ்அப்பிலே அனுப்பிட்டாரா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டது. அன்றைக்கு அது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது.

2020 மார்ச்சிலே ஊரடங்கு வந்தது. வகுப்பெல்லாம் இணைய வழிக்குப் போயிற்று. எத்தனையோ மேடையிலே நடுங்காதவன், ஒரு சின்னத் திரைக்கு முன்னால் நடுங்கினேன். முதல் வகுப்பு சிலப்பதிகாரம், வழக்குரை காதை. முக்கால் மணி நேரம் முழங்கினேன்! முடிந்ததும் அந்தத் தம்பிதான் போன் பண்ணினார். "ஐயா, மைக் ஆன் பண்ணலீங்க." (பலத்த சிரிப்பு) கண்ணகி அன்றைக்கு இப்படிப் பேசியிருந்தால் மதுரை தப்பித்திருக்கும்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. இனி நமக்கு இங்கே வேலை இல்லை என்று விருப்ப ஓய்வுக்கு மனு எழுதினேன், நண்பர்களிடமும் சொல்லிவிட்டேன். ஒத்த வயது நண்பர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "நல்ல முடிவு!" (சிரிப்பு)

மறுநாள் இரவு எட்டு மணிக்குத் தம்பியிடமிருந்து மறுபடி போன். "ஐயா, பத்து நிமிஷம் ஒதுக்குங்க. நான் சொல்றேன், நீங்க அமுக்குங்க." பத்து நாள் சொல்லிக்கொடுத்தார். ஒரு நாள்கூட அந்தப் பழைய கேலியைப் பற்றிப் பேசவில்லை. பதினோராம் நாள் எனக்கே தாங்கவில்லை. "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் உங்களை அவமானப்படுத்தினேனே, எனக்கு எதுக்குத் தம்பி இதெல்லாம் செய்யறீங்க?" என்றேன். அவர் சொன்னார்: "எனக்கு யாப்பு வரமாட்டேங்குது ஐயா. நீங்க வீட்டுக்குப் போயிட்டா நான் யார்கிட்ட கேப்பேன்?"

மனுவைக் கிழித்துப் போட்டேன். எட்டு மணிக்கு அவர் எனக்குக் கணினி சொல்வார்; எட்டரைக்கு நான் அவருக்கு வெண்பா சொல்வேன். அவர் தளை தட்டினால் நான் திட்டுவேன். நான் பொத்தானை மாற்றி அமுக்கினால் அவர் பொறுத்துக்கொள்வார். இதிலே யாரய்யா பெரியவர்?

இது இன்றைக்கு வந்த புதுமையா? இல்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலே தமிழாசிரியர் வித்துவான் தியாகராச செட்டியார். 1880இல், ஐம்பதைத் தாண்டிய வயதிலே ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு 25 வயது இளைஞர் ஒருவரைப் பரிந்துரைத்தார். அவர்தான் உ. வே. சாமிநாதையர்! இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். தலைமுறை வேறு, தமிழ் ஒன்று. நான் மைக் இல்லாமல் முழங்கினேனே சிலப்பதிகாரம், அதை 1892இல் பதிப்பித்தவர் அந்த இளைஞர்தான். பின்னாளிலே சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையிலே தாம் வாழ்ந்த வீட்டுக்கு ஐயர் என்ன பெயர் வைத்தார்? 'தியாகராச விலாசம்'! (கைதட்டல்) 2012இல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த நன்றியை இடிக்க முடியுமா?

நடுவர் அவர்களே, ஒத்த வயதுக்காரர்கள் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகிறார்கள். வயது வேறானவர்கள், ஒருவருக்கொருவர் மாணவராகச் சம்மதித்தால், நண்பர்களாகிறார்கள். அடுத்த ஆண்டு எனக்கு ஓய்வு. என் தம்பிக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. செட்டியார் போல என் நாற்காலியை அவருக்குக் கைகாட்ட எனக்கு வழியில்லை. எனக்குத் தெரிந்த யாப்பை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போவேன். ஒத்த மனமே என்று தீர்ப்பு வழங்குங்கள்.