வண்டி ஏன் நின்றது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பெரிய தொழில்நுட்பம் எதையும் பற்றி நான் பேசப் போவதில்லை. ஒரு பழைய ஆம்னி வேனைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

1984-இல் மாருதி வேனாக வந்து, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நின்ற வண்டி அது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். முன் சீட்டைத் தூக்கினால் இன்ஜின். ஆரம்ப கால வண்டிகளில் கார்புரேட்டர்தான். என்ன கோளாறு என்று சொல்ல கம்ப்யூட்டர் கிடையாது.

லாஸ்பேட்டையில் மெஸ் நடத்தும் ஒரு அக்காவிடம் 1997 மாடல் ஆம்னி இருக்கிறது. சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு மதியச் சாப்பாடு போவது அதில்தான். வண்டி நின்றால் அன்றைய சாப்பாடு வீண். நாலு நாள் நின்றால் வாடிக்கையே போய்விடும். என்னைக் கூப்பிட்டபோது அவர் சொன்னார்: "பேட்டரி மாத்தியாச்சு தம்பி, பிளக் மாத்தியாச்சு, பெட்ரோல் பம்பும் மாத்தியாச்சு. இனி வண்டியையே மாத்தணுமா?"

நான் கேட்ட முதல் கேள்வி: "பட்டுனு நின்னுச்சா, திக்கித் திக்கி நின்னுச்சா அக்கா?"

"கோரிமேடு ஏத்தத்துல இழுக்காம, திக்கித் திக்கித்தான் நின்னுச்சு. அப்புறம் ஸ்டார்ட்டே ஆகலை."

சுவிட்சை அணைத்தது போல நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு. திணறித் திணறி நின்றால் பெட்ரோல் கோளாறு. ஆனால் இது சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. வரிசையாகப் பார்த்தோம்.

செல்ப் நன்றாக அடித்தது. ஆகவே பேட்டரியில் குறையில்லை. பிளக்கில் நீலமாகப் பொறி வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ப் அடித்தோம், ரோட்டார் சுற்றியது. டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் அது சுற்றாது. பெட்ரோலைத் திறக்கும் முன் காயிலுக்குப் போகும் கரண்ட்டைத் துண்டித்துவிட்டோம். இதை மறக்கக் கூடாது தம்பிகளா, பொறியும் பெட்ரோல் ஆவியும் சேர்ந்தால் வண்டி மட்டும் எரியாது.

கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு செல்ப் அடித்தோம். பெட்ரோலைவிடக் குமிழிதான் அதிகம் வந்தது. பாதையில் எங்கோ காற்று! புதிய பம்பே கெட்டிருக்கலாமே? அதனால் பாதையை இரண்டாகப் பிரித்தோம். டாங்க் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு சின்னக் கேனிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்தோம். பெட்ரோல் கொட்டியது. பம்ப் நல்லது, குற்றவாளி டாங்க்குக்கும் பம்புக்கும் நடுவில்.

அடியில் படுத்துப் பார்த்தால், ஒரு ரப்பர் ஹோஸ் கிளாம்ப் ஓரத்தில் மயிரிழை போல வெடித்திருந்தது. அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சும் பக்கம். அதனால் பெட்ரோல் வெளியே ஒழுகவில்லை. காற்று உள்ளே போயிற்று. ஒழுகாத இடத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு துண்டு ஹோஸ், இரண்டு கிளாம்ப். வண்டி ஓடியது. கணக்குப் பார்த்தால், முன்பு மாற்றிய பம்பின் விலையில் சிறு பங்குகூட இல்லை.

ரப்பர் ஏன் வெடித்தது? வயது ஒரு காரணம். 2025-க்குள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. 1990-களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எது எவ்வளவு என்று அந்த ஒரு துண்டை வைத்துச் சொல்ல முடியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸ் முழுவதையும், எத்தனாலைத் தாங்கும் ரகமாகப் பார்த்து, மாற்றிவிடுவது நல்லது.

இன்று ஸ்கேனர் இருக்கிறதே என்பீர்கள். ஸ்கேனர் கோளாறின் எண்ணைச் சொல்லும். காரணத்தை மனிதன்தான் தேட வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வைத்தியமல்ல, சீட்டு விளையாட்டு. அதில் தோற்பது நம் பணமல்ல, வண்டிக்காரரின் பணம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரிப் பட்டறையில் ஓடுகிற பழைய கார்புரேட்டர் இன்ஜின் ஒன்றை வைப்போம். ஆசிரியர் அதில் ஒரு குறையை ஒளித்து வைக்கட்டும். எந்தப் பாகத்தையும் மாற்றாமல் மாணவர் கண்டுபிடிக்கட்டும். இன்ஜின் வாங்க என் பங்கை இன்றே தருகிறேன்.